வீட்டில் கொஞ்சம் சத்தம்

ஸ்ரீரங்கம்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி இன்னாசிராஜுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் ஜெசிந்தாவும் சுகமா? மகள் ஷெர்லினுக்குப் புது வேலையில் மனசு ஒட்டிவிட்டதா? உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? இங்கே நானும் உன் மச்சானும் சுகம். நேற்று மாதா பிறந்தநாள் பூசைக்குப் பாலம் தாண்டிப் போய்வந்தோம். பங்குப் பேரவைத் துணைத் தலைவர் தைரியராஜ் சார், அதாவது உன் மச்சான், நன்றியுரை சொன்னார். சாமியார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், உன் மச்சான் பார்க்கவில்லை.

போன் இருக்கும்போது ஈமெயில் எதற்கு என்பாய். என் போன் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். மணி அடித்தால் மச்சான் எடுப்பார், வாட்ஸ்அப் வந்தால் அவர்தான் முதலில் படிப்பார். ஈமெயில் என்பது கரண்ட் பில் வருகிற இடம் என்று அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. நாங்கள் வளர்த்த பிரவீன் பெங்களூர் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஒலிப்புத்தகம் தயாரிக்கிற கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே வாசிக்க ஆள் எடுக்கிறது. குரல் அனுப்பினேன், பிடித்திருக்கிறதாம். ஷஹனாஸ் என்கிற பெண்தான் ஆள் எடுப்பவள். மாடித்தோட்டம் பற்றிய புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தைச் சுத்தமாகப் பதிவு செய்து அனுப்பச் சொன்னாள். அது தேறினால் வேலை. கோவிலில் நான் பைபிள் வாசகம் வாசிப்பதை மச்சான் நிறுத்திய பிறகு என் குரலுக்குச் சமையலறையைத் தவிர வேறு இடம் இல்லை. இந்த வேலை எனக்கு வேண்டும் தம்பி. கத்தரிச் செடிக்கு வேப்பம் புண்ணாக்கு வைப்பதைக்கூட உருகி உருகி வாசித்திருக்கிறேன்.

ஆனால் பதிவில் ஒரு இரைச்சல். காதோரம் கொசு நிற்கிற மாதிரி 'ஙொய்' என்று விடாமல். முன்பு இல்லை, இப்போதுதான். மைக் நீ போன வருஷம் வாங்கித் தந்ததுதான். இருபது வருஷமாக டப்பிங் ஸ்டூடியோவில் ஊரார் குரலையெல்லாம் சுத்தம் செய்கிறவன் நீ. அக்கா குரலையும் கொஞ்சம் பாரேன்.

எல்லோருக்கும் என் முத்தங்கள்.
உன் அக்கா,
லூர்துராணி


சென்னை
11 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சர்க்கரை ஏறுகிறது, இறங்குகிறது, நான் அதைக் கண்டுகொள்வதில்லை. உன் மூட்டுவலி எப்படி?

அக்கா ஆர்ட்டிஸ்ட் ஆகப் போகிறாள் என்று ஜெசிந்தாவிடம் சொல்லிச் சிரித்தேன். சந்தோஷம்தான். பயப்படாதே, இரைச்சலுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மாட்டிக்கொள்ளும். ஃபேனை நிறுத்து. டியூப் லைட்டை அணை, அதற்குள் இருக்கிற சோக் பாடும். மைக் ஒயரை கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் சொருகியிருந்தால் பிடுங்கிப் பின்பக்கம் சொருகு. சவுண்ட் செட்டிங்கில் 'மைக் பூஸ்ட்' என்று ஒன்று இருக்கும், அதைப் பூஜ்யத்துக்கு இறக்கு. கம்ப்யூட்டர் பிளக்கில் மூன்று கால் இருக்கிறதா, அந்த சுவிட்ச் போர்டில் எர்த் வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசி. எல்லாம் செய்த பிறகும் இருந்தால், நீ எதுவும் கை வைக்காத அசல் கோப்பை எனக்கு அனுப்பு.

மச்சானைக் கேட்டதாகச் சொல் என்று எழுத வந்தேன். அப்புறம்தான் இது ரகசியம் என்று ஞாபகம் வந்தது.

மாதா உன்னைக் காக்கட்டும்.
தம்பி இன்னாசி


ஸ்ரீரங்கம்
19 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மூட்டுவலி என்னோடு சண்டை போடாமல் இருக்கிறது.

நீ சொன்ன அத்தனையும் செய்தேன். எர்த் இருக்கிறது. ஃபேன் இல்லாமல், போர்வைக்குள், வேர்க்க விறுவிறுக்க வாசித்தேன். ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைந்தால் ஜன்னல் கம்பி அதிரும், அது போகட்டும் என்று காத்திருந்து மறுபடி வாசித்தேன். ரயில் போய்விடுகிறது, ஙொய் போகவில்லை.

கடைசியில் அந்தப் பதிவு மென்பொருளிலேயே இரைச்சல் நீக்குகிற பட்டன் ஒன்றைக் கண்டுபிடித்து நாலைந்து தடவை ஓட்டி ஷஹனாஸுக்கு அனுப்பினேன். "மேடம், குடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குங்க. இன்னொரு தடவை அனுப்புங்க, மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்" என்று திருப்பிவிட்டாள். அவமானமாக இருந்தது. அசல் கோப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

எப்போதிலிருந்து என்று நீ கேட்பாய். வேளாங்கண்ணியில் கொடி ஏறியதற்கு அடுத்த வாரம், செப்டம்பர் தொடக்கத்தில், வீட்டில் கொஞ்சம் சத்தம். மறுநாள் காலையிலிருந்துதான் இது.

ஜெசிந்தாவை விசாரித்ததாகச் சொல்.
அக்கா


சென்னை
21 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஷெர்லினுக்குச் சளி, வேறொன்றுமில்லை.

வாசிப்பு பிரமாதம். கத்தரிச் செடி வாங்கி மாடியில் வைக்கலாம் என்று ஜெசிந்தா சொல்கிறாள். இரைச்சல் என் ஸ்பீக்கரில் சரியாகப் பிடிபடவில்லை, இன்னொரு முறை நிதானமாகக் கேட்கிறேன். அன்றைக்கு என்ன சத்தம்? மிக்ஸியா? பக்கத்து பிளாட்டில் டிரில் போட்டார்களா? கரண்ட் கூடக்குறைய வந்திருந்தால் சவுண்ட் கார்டு அடிவாங்கியிருக்கும்.

ஒரு சோதனை செய். ஹெட்போனைத் திருப்பிப் போடு. இடது காதில் மாட்டுவதை வலது காதில் மாட்டு. இரைச்சல் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாறினால் ஹெட்போன் கோளாறு என்று முடிவு, புதுசு வாங்கிவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
இன்னாசி


ஸ்ரீரங்கம்
23 செப்டம்பர் 2024

தம்பி,

ஷெர்லினுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல். இங்கே சுகம்.

திருப்பிப் போட்டேன். மாறவில்லை. ஹெட்போனின் எந்தப் பக்கத்தை மாட்டினாலும் இடது காதில்தான் ஙொய். மாறாவிட்டால் என்ன கோளாறு என்று நீ எழுதவில்லையே. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெறும் ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். அப்போதும் இருக்கிற மாதிரி தோன்றுகிறது. அப்படி இருக்க முடியுமா?

உடனே எழுது. ஷஹனாஸ் சொன்ன மாதக் கடைசி நெருங்குகிறது.

அக்கா


சென்னை
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் சுகம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஒரு பெரிய படத்தின் டப்பிங், தலை தூக்க நேரமில்லை.

நல்ல கம்பெனி ஹெட்போன் ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சவுண்ட் டிரைவர் என்கிற மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்று, எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். பல கோளாறு அதிலேயே போய்விடும்.

ஒரு நல்ல செய்தி. போன வாரம் மச்சான் இங்கே வந்திருந்தார், உன்னிடம் சொல்லியிருப்பார். ஷெர்லினைப் பிரவீன்ராஜுக்குக் கேட்கிறார். தன் அண்ணன் மகனாக இருந்தாலும் தகப்பன் ஸ்தானத்தில் நின்று அவர்தான் பேசினார். ஷெர்லினும் பிரவீனும் ஏற்கனவே பேசிப் பழகியவர்கள்தானாம், எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஜெசிந்தாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. நீ வளர்த்த பிள்ளை, எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

எல்லாம் நல்லபடி நடக்க ஜெபித்துக்கொள்.
தம்பி இன்னாசி


ஸ்ரீரங்கம்
24 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

ஹெட்போன் வந்தது. மெத்தென்று இருக்கிறது, விலை அதிகமாகத்தான் இருக்கும். ஙொய் அதிலும் கேட்கிறது. டிரைவரை அழித்து ஏற்றினேன், அதனால் பிரிண்டர் வேலை செய்யாமல் போனதுதான் மிச்சம்.

இப்போது நான் எழுதுவதைத் தனியாக உட்கார்ந்து படி. 'வீட்டில் கொஞ்சம் சத்தம்' என்று எழுதினேன். நீ மிக்ஸியா, டிரில்லா என்று கேட்டாய். பொன்மலைக் குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவை அடித்த மறுநாள், பக்கத்து வீட்டு வீரம்மாள் வந்து கன்னத்தைப் பார்த்து என்னவென்று கேட்பாள். அம்மா என்ன சொல்வாள்? "ஒன்னுமில்லக்கா, நேத்து வீட்ல கொஞ்சம் சத்தம்." வேறு வார்த்தை அவளுக்குத் தெரியாது. நீயும் நானும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு மிக்ஸி என்று என்றைக்கும் அர்த்தம் இருந்ததில்லை. நீ மறந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதனால் நேராகவே கேட்கிறேன். நான் அனுப்பிய கோப்பில் இரைச்சல் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் அது என் காதில் இருக்கிறது. எனக்கு அப்படித்தான் சந்தேகம். ஆனால் எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவன் நீ. ஒரு வரி எழுது, நான் டாக்டரிடம் போகிறேன்.

ஷெர்லின் விஷயம். பிரவீன் பத்து வயதிலிருந்து இந்த வீட்டில் வளர்ந்தவன். கெட்ட பிள்ளை இல்லை, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். ஆனால் இங்கே சத்தம் வரும்போதெல்லாம் ஹாலில் உட்கார்ந்து டிவியைக் கூட்டி வைத்துக்கொள்வான். ஒரு நாளும் எழுந்து வந்ததில்லை. அவளைக் கொடுப்பதற்கு முன் இதையும் யோசி.

உன் உடம்பு பத்திரம்.
அக்கா


சென்னை
3 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதங்கள். எல்லோரும் சுகம். கிறிஸ்துமஸ், அதையடுத்து நிச்சயதார்த்தம் என்று நாள் ஓடிவிட்டது. நிச்சயத்தன்று நீ என்னைத் தனியே கூப்பிட்டாய், அந்தக் கூட்டத்தில் வர முடியவில்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே.

கோப்பை மறுபடி கேட்டேன். லேசாக ஏதோ இருக்கத்தான் செய்கிறது. அதனால் நீ கண்டதையும் நினைத்துக் குழம்ப வேண்டாம். மோனோவில் பதிவு செய். அதில் இடது, வலது என்று இரண்டு கிடையாது, ஒரே தடம்தான். சரிபார்க்க ஒரு காது போதும். ஹெட்போனின் இடது பக்கத்தைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு வலது காதால் மட்டும் கேள். எங்கள் தொழிலிலேயே பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

டாக்டர் அது இது என்று இப்போது கிளம்பாதே. எப்படி ஆனது, என்ன ஆனது என்று கேட்பார்கள். திருச்சி சின்ன ஊர், மச்சானைத் தெரியாதவர் கிடையாது. தவக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணம் வைத்திருக்கிறோம். அது முடியட்டும், நானே உன்னை அழைத்துவந்து இங்கே பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன்.

ஒரு ஆசை. கல்யாண அழைப்பு வீடியோவுக்கு உன் குரல் வேண்டும். வாசிக்க வேண்டியதை இணைத்திருக்கிறேன். மச்சான் பெயர்தான் முதலில் வருகிறது, நிறுத்தி அழுத்தமாகச் சொல்.

அன்புடன்,
இன்னாசி


ஸ்ரீரங்கம்
19 ஜனவரி 2025

தம்பிக்கு,

சுகமா? நடந்ததைச் சொல்கிறேன், நான் சுகமா என்று நீயே முடிவு செய்துகொள்.

செப்டம்பரில் உனக்கு அனுப்பிய அதே அசல் கோப்பை, எதுவுமே செய்யாமல், ஷஹனாஸுக்கு அனுப்பினேன். அன்று மாலையே பதில் வந்தது. "மேடம், இது ரொம்ப சுத்தமா இருக்குங்க. ஒரு இரைச்சலும் இல்லையே. இதையே முதல்ல அனுப்பியிருக்கலாமே!" மாடித்தோட்டத்தை அதற்குள் வேறொரு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு புத்தகம் வந்தால் கூப்பிடுகிறாளாம்.

பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறித் தில்லை நகரில் காது டாக்டரிடம் போனேன். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வலது காதுக்குத் தூக்கினேன். இடது காதுக்கு இன்னும் மிஷினைப் போடவில்லை என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

டாக்டரம்மாவுக்கு ஷெர்லினைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அடிச்சவருக்கு வலது கைப் பழக்கம்தானேம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து வெளியாரிடம் அதை நான் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. "அடிபட்ட ஒரு மாசத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்து முயற்சி பண்ணியிருக்கலாம்மா. இனிமே வர்றது கஷ்டம். இருக்கிற காதைப் பத்திரமா வெச்சுக்கணும்" என்றாள்.

அன்று நான் வாசித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். ஹெட்போன் போட்டிருந்ததால் கேட்கவில்லை. உள்ளே வந்து அதைப் பிடுங்கி எறிந்து, "கூப்புடுறது காதுல விழல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அறைந்துவிட்டார்.

அவரைப் பற்றி எனக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. உன்னைப் பற்றித்தான். திருப்பிப் போட்டேன், மாறவில்லை என்று நான் எழுதினேனே, அதைப் படித்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் சொன்ன ஒரு மாதம் அப்போது முடியவில்லை. என்ன கோளாறு என்று கேட்டேன். நீ ஹெட்போன் அனுப்பினாய்.

ஷெர்லினிடம் நான் பேசப் போகிறேன். எந்த வீட்டுக்குள் காலை வைக்கிறோம் என்று அவளுக்காவது தெரியட்டும்.

லூர்துராணி


சென்னை
21 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை ஏறிவிட்டது என்று ஜெசிந்தா திட்டுகிறாள்.

நான் டாக்டரா அக்கா? மைக்கையும் ஒயரையும் பார்க்கிறவன். அப்படி இருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். மச்சான் கோபக்காரர்தான், ஆனால் பிரவீன் அவர் இல்லை. பிப்ரவரி இருபத்தாறாம் தேதி கல்யாணம், வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் போகிறார்கள், பத்திரிகை பாதி ஊருக்குப் போய்விட்டது. இந்த நேரத்தில் நீ ஒரு வார்த்தை சொன்னால் என் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகும்? அவள் மனசை உடைத்து உனக்கு என்ன வரப்போகிறது? போன காது திரும்பி வருமா?

உன் காலில் விழுந்து கேட்கிறேன். அவளிடம் எதுவும் பேசாதே. அழைப்புக் குரலை மட்டும் சீக்கிரம் அனுப்பு, வீடியோக்காரன் காத்திருக்கிறான்.

உன் தம்பி


ஸ்ரீரங்கம்
10 பிப்ரவரி 2025

இன்னாசிராஜுக்கு,

ஜெசிந்தாவின் சுகத்தை விசாரித்ததாகச் சொல். உன் சர்க்கரைக்கு மாத்திரையை ஒழுங்காகப் போடு. இந்தத் தடவை இரண்டே நாளில் பதில் எழுதிவிட்டாய், உன்னால் முடியும் என்று இப்போதுதான் தெரிந்தது.

ஷெர்லினிடம் பேசினேன். கல்யாணப் புடவை எடுக்க சனிக்கிழமை வந்திருந்தாள். கடைக்கு நானும் போனேன். முடித்துவிட்டுச் சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன். அத்தனை இரைச்சலுக்கு நடுவில், காது போனது, எப்படிப் போனது, பிரவீன் டிவியைக் கூட்டி வைப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், இல்லை கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டாள். வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"அத்தை, அப்பா எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டாங்க. உங்களுக்கு இடது காது கொஞ்ச நாளாவே சரியில்லையாம். இல்லாத சத்தமெல்லாம் கேட்குதாம், அதுல மனசும் ஒரு மாதிரி ஆயிருச்சாம். வீட்ல நடக்காததெல்லாம் நடந்த மாதிரி சொல்லுவீங்க, கோவப்படாம கேட்டுக்கோன்னாங்க. நான் கோவப்படலத்தை. கல்யாணம் முடியட்டும், நானே உங்களை நல்ல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்."

பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் "அத்தைக்குக் காது கேட்காதுங்க, ஸ்ரீரங்கம் வந்ததும் சொல்லிருங்க" என்றாள். பதவிசான பிள்ளை. நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாய்.

எனக்கு எழுத உனக்கு மனம் வராத அந்த ஒரு வரியை அவளிடம் சொல்லியிருக்கிறாய். காது போனது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை வைத்து, இனி நான் சொல்வது எதையும் யாரும் நம்பாதபடி செய்துவிட்டாய். உன் மச்சான் என் காதோடு விட்டார். என் பேச்சை நீ எடுத்துக்கொண்டாய். அவரிடம் எதிர்பார்த்தேன், உன்னிடம் எதிர்பார்க்கவில்லை. 

அழைப்புக் குரலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள். இல்லாததெல்லாம் கேட்கிறவள் வாசித்தால் நன்றாக இருக்காது.

கல்யாணத்துக்கு வருவேன். நான் வராவிட்டால் அதற்கும் ஒரு காரணம் சொல்லிவைப்பாய். எல்லோரும் பார்க்க முன்வரிசையில் உட்காருவேன். தாலி ஏறி, உன் பாரமெல்லாம் இறங்கிய பிறகு, அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று உனக்குத் தோன்றும். தோன்றினால் வா. வந்து இடது பக்கமாக உட்கார்ந்து கேள்.

லூர்துராணி